செடெனாக் ரயில் பாதை, 1942: போர் விளையாட்டு டோக்கன்களை வீட்டிலேயே செய்வது எப்படி?

பிளஸ் நெடுஞ்சாலையில் கோலாலம்பூர் போகும்போது, கூலாயைத் தாண்டியதும் ‘செடெனாக்’ என்று ஒரு பச்சைப் பலகை வரும். நம்மில் பலர் அதைக் கவனிக்கவே மாட்டோம். சுற்றிலும் செம்பனை. இப்போது புதிதாக டேட்டா சென்டர் கட்டடங்கள். இறங்கிப் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

ஒரு ரயில் பாதை இருக்கிறது. 1942 ஜனவரி கடைசி வாரத்தில், அந்தப் பாதையை நம்பிப் பின்வாங்கிக்கொண்டிருந்த ஒரு முழு பிரிகேட் காணாமல் போனது.

இதற்கும் தலைப்பில் இருக்கும் டோக்கனுக்கும் என்ன சம்பந்தம்? மேசைமேல் சிறு பொம்மை வீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வார்ஹாமர் ஆடும் நண்பர் ஒருவராவது இருப்பார். இரண்டாம் உலகப் போரை ஆட ‘போல்ட் ஆக்‌ஷன்’ போன்ற விதிநூல்களும் உண்டு. கடையில் நார்மண்டி வேண்டுமென்றால் பெட்டியாகவே எடுத்துக் கொடுப்பார்கள். லாயாங்-லாயாங் பாலத்துக்கு டோக்கன் கேட்டுப் பாருங்கள், கடைக்காரர் முழிப்பார். நம் பக்கத்து ஊரில் நடந்த போரை ஆட ஆசைப்பட்டால், அதற்கான வில்லைகளை நாம்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

அது ஒன்றும் புதிதில்லை. தாயம் ஆட நம் பாட்டிமார்கள் கடைக்கா போனார்கள்? புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்தார்கள், உடைந்த வளையலை எடுத்துக்கொண்டார்கள், கூழாங்கல் பொறுக்கினார்கள். ஆடு புலி ஆட்டத்துக்குக் கட்டத்தைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கீறினால் போதும்.

பொம்மை இருக்கும்போது டோக்கன் எதற்கு?

பொம்மை, வீரர் எங்கே நிற்கிறார் என்பதைச் சொல்லும். அவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்லாது. பயந்து தரையோடு படுத்துவிட்டாரா, தோட்டா தீர்ந்துவிட்டதா, இந்தச் சுற்றில் ஏற்கெனவே நகர்ந்துவிட்டாரா? இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டால் மூன்றாவது சுற்றில் சண்டை மேசையிலிருந்து நாற்காலிக்கு வந்துவிடும். ‘நீ ஏற்கெனவே சுட்டுட்ட!’, ‘இல்ல, அது பக்கத்து ஆளு!’ என்று. அதற்குத்தான் டோக்கன்.

இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. அது மறைக்கும். 1824இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், பயிற்சிக்காக ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற விளையாட்டை வெளியிட்டார். வரைபடத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகள். நடுவர் ஒருவர் இருப்பார். எதிரியின் கட்டை உங்கள் படையின் கண்ணுக்குத் தெரியும்போதுதான் அவர் அதை வரைபடத்தில் வைப்பார். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதியபோது பொம்மை வீரர்கள் எல்லார் வீட்டுத் தரைக்கும் இறங்கிவிட்டார்கள். 1950களில் அமெரிக்காவில் சார்ல்ஸ் ராபர்ட்ஸ், அட்டையில் வெட்டிய சின்னச் சதுர வில்லைகளை வைத்து ‘டாக்டிக்ஸ்’ என்ற விளையாட்டை விற்கத் தொடங்கினார். இன்று நாம் வீட்டில் வெட்டுவது இந்த இரண்டு வம்சத்துக்கும் பிறந்த பிள்ளை.

செடெனாக் கதைக்கு இந்த மறைக்கும் வேலைதான் முக்கியம். ஏனென்று பார்ப்போம்.

ரயில் பாதையில் நடந்தது என்ன?

1941 டிசம்பர் 8ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. ஏழே வாரத்தில் சண்டை ஜொகூரின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டது. பிரிட்டிஷ் தரப்பு பல வழிகளில் ஜொகூர் பாருவை நோக்கிப் பின்வாங்கியது. அதில் ரயில் பாதை 9ஆவது இந்திய டிவிஷனின் பொறுப்பு. தளபதி மேஜர் ஜெனரல் பார்ஸ்டோ. அவரிடம் இரண்டு பிரிகேட்கள்: முன்னால், அதாவது எதிரிக்குப் பக்கத்தில், பிரிகேடியர் பெய்ன்டரின் 22ஆவது பிரிகேட். பின்னால், செடெனாக் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது பிரிகேடியர் லேயின் 8ஆவது பிரிகேட். சிப்பாய்களில் சீக்கியர்களும் கர்வால் மலைக்காரர்களும் இருந்தார்கள்.

லாயாங்-லாயாங்குக்குத் தெற்கே ரயில் பாதையை ஒட்டி நல்ல வண்டிச்சாலை இல்லை. அதனால் பீரங்கிகளையும் வண்டிகளையும் வேறு வழியில் அனுப்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவை கால்கள், தண்டவாளம், தண்டவாளத்தை ஒட்டி ஓடிய தந்திக் கம்பி.

பிறகு லாயாங்-லாயாங் ரயில் பாலம் வெடித்தது. வெடிக்க வேண்டிய நேரத்துக்கு முன்பே. வைத்தவர்கள் பிரிட்டிஷ் தரப்பினர்தான். பாலத்தோடு தந்திக் கம்பியும் அறுந்தது. 22ஆவது பிரிகேட் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. 8ஆவது பிரிகேட் எதிர்பார்த்ததைவிட அதிக தூரம் பின்வாங்கிவிட்டது. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில் ஜப்பானியர்கள் நுழைந்துகொண்டார்கள்.

ஜனவரி 28ஆம் தேதி காலை பார்ஸ்டோ தானே கிளம்பினார். முன்னால் இருக்கும் தன் ஆட்களை நேரில் பார்க்க, ரயில் டிராலியில், தண்டவாளம் வழியே. உடைந்த பாலத்தைத் தாண்டிப் போனவர் பதுங்கியிருந்த எதிரியிடம் சிக்கிக் கொல்லப்பட்டார். கூடப் போன இரண்டு அதிகாரிகள் தப்பினார்கள். அவர்களில் ஒருவரான மேஜர் மோசஸ், போருக்கு முன்பே ஆஸ்திரேலிய ஒலிபரப்புக் கழகமான ஏபிசியின் தலைமை நிர்வாகி. ஒலிபரப்புத் துறையில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்தத் தகவல் எனக்குக் கொஞ்சம் கூடவே ஒட்டிக்கொண்டது.

பெய்ன்டரின் ஆட்கள் காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு காட்டு வழியாகத் தெற்கே நடந்தார்கள். ஜனவரி 31ஆம் தேதி கடைசிப் படையினர் சிங்கப்பூருக்குள் வந்ததும் கடற்பாலம் தகர்க்கப்பட்டது. அப்போதும் 22ஆவது பிரிகேட் ஜொகூர்க் காட்டில்தான். பிப்ரவரி 1ஆம் தேதி, மிஞ்சியவர்கள் சரணடைந்தார்கள். எப்படியோ சிங்கப்பூர் வந்து சேர்ந்தவர்கள் மிகச் சிலர். அதற்கு இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15ஆம் தேதி, சிங்கப்பூரே சரணடைந்தது.

இதில் துப்பாக்கிச் சண்டையைவிடப் பெரிய விஷயம், யாருக்கும் எதுவும் தெரியாமல் போனதுதான். அதை மேசையில் கொண்டுவர பொம்மைகளால் முடியாது. வில்லைகளால் முடியும்.

என்னென்ன வில்லைகள் தேவை?

முதலில் ‘யாரோ’ வில்லை. அதாவது மறைவு வில்லை. 25 மில்லிமீட்டர் வட்டம், 12 எண்ணிக்கை. ஒரு பக்கம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ரப்பர் மர இலை. மறுபக்கம் ஐந்தில் ஜப்பானியப் படைப்பிரிவின் எண், ஏழில் ஒன்றுமே இல்லை. மேசையில் குப்புற நகர்த்த வேண்டும். எதிராளியின் படை பார்க்கும் தூரத்துக்கு வந்தால்தான் திருப்பலாம். திருப்பினால் பாதிக்கு மேல் காற்றுதான். இந்த ஒரு வில்லை போதும், பிரிகேடியர் ஏன் தயங்கினார் என்று உங்களுக்குப் புரியும்.

இதில் கவனம் தேவை. 12 வில்லைகளையும் ஒரே அட்டையிலிருந்து வெட்டுங்கள். ஐந்துக்கு மட்டும் காந்தம் ஒட்டினால் எடையிலேயே தெரிந்துவிடும். ஒரு வில்லையின் ஓரம் மடங்கியிருந்தால், இரண்டாவது ஆட்டத்தில் உங்கள் நண்பர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். என் நண்பர் கண்டுபிடித்தார். சொல்லாமல் மூன்று ஆட்டம் ஜெயித்தார்.

அடுத்து பாலம். 40 மில்லிமீட்டர் சதுரம். ஒரு பக்கம் முழுப் பாலம், மறுபக்கம் உடைந்த பாலம். தந்திக் கம்பிக்கு ஒரு முழம் கறுப்பு நூல், தண்டவாளத்தை ஒட்டி மேசைமேல் கிடக்கட்டும். பாலம் எப்போது வெடிக்கும்? யாரும் முடிவு செய்யக்கூடாது. ஒரு குவளையில் ஆறு வில்லைகள் போடுங்கள், அதில் ஒன்று கறுப்பு. சுற்றுக்கு ஒன்று எடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள். கறுப்பு வந்த சுற்றில் பாலத்தைத் திருப்பி, நூலை எடுத்துவிடுங்கள்.

பகடையை உருட்டினால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகாது. சுற்றுக்கு ஒரு முறை உருட்டி ‘ஆறு விழுந்தால் வெடிக்கும்’ என்று வைத்தால், ஆறு சுற்றிலும் அது விழாமலே போக மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. பாலம் தப்பிவிட்டால் இது செடெனாக் கதையே இல்லை. குவளையிலிருந்து எடுத்தால் ஆறு சுற்றுக்குள் கட்டாயம் வெடிக்கும். மூன்றாவது சுற்றுக்குள் வெடிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வரும் என்று தெரியும், எப்போது என்று தெரியாது. வயிற்றைப் பிசையும் அந்த உணர்வு பகடையில் கிடைக்காது.

நூல் இருக்கும்வரை இரண்டு பிரிகேட்களை ஆடும் இருவரும் சுற்றுக்கு அரை நிமிடம் பேசிக்கொள்ளலாம். நூல் போன பிறகு ஒரு வார்த்தை கூடாது. கண் ஜாடை, வாட்ஸ்அப், எதுவும் கூடாது.

பிறகு தளபதியின் டிராலி வில்லை. அது தண்டவாளத்தில் மட்டும் ஓடும். அது போய்ச் சேர்ந்தால் அந்தச் சுற்றில் மறுபடியும் பேசலாம். போகும் வழியில் ‘யாரோ’ வில்லை இருந்தால்... முடிவு உங்களுக்குத் தெரியும். அனுப்புவதா வேண்டாமா என்பதை ஆடுபவர் முடிவு செய்யட்டும்.

களைப்பு வில்லைகளை 12 மில்லிமீட்டர் சதுரமாக நிறைய வெட்டிக்கொள்ளுங்கள். ஏழு வாரம் தூங்காமல் பின்வாங்கிய படை அது. ஒவ்வொரு குழுவும் ஆட்டம் தொடங்கும்போதே ஒரு களைப்போடு தொடங்கட்டும்.

தோட்டத்து மக்கள் எங்கே?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான போர் விளையாட்டுகளோடு எனக்குச் சண்டை. மலாயா என்றால் மேசையில் ரப்பர் மரங்களை நிறுத்துவார்கள். மரத்துக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் அந்த மரங்களை நட்டதும் பால் வெட்டியதும் யார்? லயத்து வீடுகளில் இருந்த நம் தோட்டப் பாட்டாளிகள். படை இரண்டு பக்கமும் கடந்து போனபோது அவர்களுக்குப் போக இடமில்லை. அடுத்த ஆண்டுக்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம்.

அதனால் நான்கு லயம் வில்லைகள் வெட்டுங்கள். நீள்சதுரம், 20க்கு 60 மில்லிமீட்டர். ஒரு பக்கம் தகரக் கூரை போட்ட வரிசை வீடு, மறுபக்கம் எரிந்த வீடு. அதற்கு வெற்றிப் புள்ளி கிடையாது. அதன்மேல் குண்டு போடலாம், விதி தடுக்காது. போட்டால் திருப்பி வைக்க வேண்டும், ஆட்டம் முடியும்வரை மேசையை விட்டு எடுக்கக் கூடாது. செத்த பொம்மைகளை எல்லாம் பெட்டியில் போட்ட பிறகும் அது அங்கேயே இருக்கும்.

சின்னங்களைப் பற்றியும் ஒன்று. ஜப்பானியத் தரப்புக்கு உதயசூரியக் கொடி போடலாமா? நான் போடவில்லை. இந்த ஊரில் பல வீடுகளில் அது இன்னும் வலிக்கிற படம். தரப்புகளைப் பிரிக்க வடிவமும் நிறமும் போதும்.

வரையும்போது

வில்லையை ஒரு மீட்டர் தள்ளி, நின்றபடி பார்த்தால் புரிய வேண்டும். கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஏமாறாதீர்கள். வரைந்ததை அசல் அளவில் அச்சிட்டுத் தரையில் போட்டு, நின்று பாருங்கள்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிபவர்கள் உங்கள் நண்பர்களிலேயே இருக்கலாம், அவர்களுக்கே தெரியாமல்கூட. வில்லைகளைக் கைப்பேசியில் படமெடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். அப்போதும் வித்தியாசம் தெரிந்தால் சரி. களைப்பு சதுரம், மறைவு வட்டம் என்று வடிவத்தாலேயே பிரித்துவிட்டால் கவலை இல்லை.

தமிழில் எழுதப் போகிறீர்களா? எழுதுங்கள். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கில எழுத்து சின்ன அளவிலும் தாங்கும். நம் எழுத்தின் சுழிகள் 12 மில்லிமீட்டரில் மையால் அடைபட்டுவிடும். ண எது, ன எது என்று தெரியாது. ‘பின்வாங்கல்’ என்று முழுதாக எழுதினால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். ஒரே எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள்: களைப்புக்கு ‘க’, தொடர்புக்கு ‘தொ’. தடித்த எழுத்துரு, சுழிகளுக்குள் வெள்ளை இடம் தெரிகிற மாதிரி.

வெட்டும்போது

தேவையானவை: 2 மில்லிமீட்டர் சாம்பல் அட்டை, ஏ4 ஸ்டிக்கர் தாள், இரும்பு அளவுகோல், புது பிளேடு போட்ட கட்டர், வெட்டுப்பாய், 25 மில்லிமீட்டர் வட்டப் பஞ்ச். பஞ்ச் இல்லையென்றால், வட்டமான மரவில்லைகளையோ இரும்பு வாஷர்களையோ வாங்கி மேலே ஸ்டிக்கர் ஒட்டலாம். வாஷரில் ஒரு நன்மை, காந்தத் தாள் ஒட்டிய பெட்டியில் ஆடாமல் நிற்கும்.

ஓரங்களில் 10 மில்லிமீட்டர், வில்லைகளுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் விட்டாலும் ஓர் ஏ4 தாளில் 25 மில்லிமீட்டர் வட்டம் 60 வரும். அச்சிடும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தேர்வை அணைத்துவிட்டு 100 விழுக்காட்டில் அச்சிடுங்கள். நான் முதல் முறை மறந்துவிட்டேன். வட்டம் எல்லாம் 24 மில்லிமீட்டராகச் சுருங்கி, பஞ்ச் வெட்டிய ஒவ்வொன்றிலும் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பிறை. 60 பிறை.

இங்க்ஜெட் பிரிண்டர் என்றால், நம் ஊர் ஈரப்பதத்திலும் வியர்த்த கையிலும் மை கசியும். மேலே மேட் வார்னிஷ் ஸ்ப்ரே மெல்லிதாக இரண்டு தடவை அடியுங்கள். அறைக்குள் அடிக்காதீர்கள், காற்றோட்டம் வேண்டும். அடுக்குமாடி நடைவழியில் அடித்தால் பக்கத்து வீட்டுத் துணி காய்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். லேசர் பிரிண்டர் என்றால் இந்தக் கவலை குறைவு.

ஸ்டிக்கருக்குப் பதில் சாதாரணத் தாளை வெள்ளைப் பசையால் ஒட்டினால் தாள் நனைந்து விரியும், காயும்போது சுருங்கும். அட்டை அப்பளம் மாதிரி வளையும். பசைக்குச்சி நல்லது. எதுவானாலும் அட்டையின் இரண்டு பக்கமும் தாள் ஒட்டுங்கள். ஒரு பக்க இழுப்பை மறு பக்கம் சமன் செய்துவிடும். ஒட்டியதும் கனமான புத்தகத்துக்கு அடியில் ஓர் இரவு.

கட்டரை ஒரே அழுத்தாக அழுத்தாதீர்கள். லேசாக ஐந்தாறு தடவை இழுங்கள். முதலில் நீள வாட்டில் எல்லாக் கோடுகளையும், பிறகு குறுக்கே. விரல் அளவுகோலின் விளிம்பைத் தாண்டி நீட்டக்கூடாது. பிளேடு மழுங்கினால் மாற்றுங்கள், மழுங்கின பிளேடுதான் வழுக்கிக் கையைக் கிழிக்கும். சதுர வில்லையின் நாலு மூலையையும் நகவெட்டியால் ஒரு நறுக்கு நறுக்கினால் அடுக்கும்போது பிரியாது. கடைசியில் வெட்டிய ஓரங்களில் கறுப்போ கரும்பச்சையோ மார்க்கரை ஓடவிடுங்கள். அந்த வெளிறிய ஓரம் மறைந்தாலே, கடையில் வாங்கியதா என்று கேட்பார்கள்.

ஒரு நிறுவனத்தின் சின்னத்தையோ ஓவியத்தையோ எடுத்து வில்லை செய்து விற்பது பதிப்புரிமைச் சிக்கலில் முடியலாம். சொந்தமாக வரைந்தது என்றால் யாரும் கேட்க முடியாது.

ஆடிப் பார்த்தபோது

முதல் ஆட்டத்தில் இரண்டாவது சுற்றிலேயே கறுப்பு வில்லை வந்துவிட்டது. நூலை எடுத்தேன். 22ஆவது பிரிகேட்டை ஆடிய தம்பி, பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டான். அதற்கு மேல் அவன் முன்னால் இருந்தவை குப்புறக் கிடந்த ஒன்பது வில்லைகள், தெற்கே ஒரு காடு, அந்தப் பக்கம் என்ன செய்கிறார் என்று தெரியாத ஒரு நண்பர். நான்கு நிமிடம் ஒன்றும் நகர்த்தவில்லை. பிறகு பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்கினான். வரலாறு அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லியிருக்கவில்லை.

8ஆவது பிரிகேட்டை ஆடியவர், செடெனாக் என்று எழுதியிருந்த மேசை ஓரத்தில் அவனுக்காகக் கடைசிச் சுற்றுவரை காத்திருந்தார்.